எதிர்காலத்துக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதைக்குக் காரணம் என் மச்சினன். அவனைத் திட்ட விரும்புகிறவர்கள் வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கவும். அவன் கட்டட வடிவமைப்பாளன். அவனும் கூட்டாளிகளும் கட்டிய பசுமை நூலகம் ஒரு விருதின் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க அழகான சிறு புத்தகம் ஒன்று வேண்டுமாம்.

"மாமா, நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

"எழுதிட்டிருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன்."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என் தம்பிக்கு நாலு பக்கம் எழுதினா உங்க பேனா தேஞ்சா போயிடும்?"

பேனா தேயவில்லை. தேய்ந்தது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: பேரண்டத்தின் மூச்சோடு தன் மூச்சையும் கலக்கும் இந்த உன்னதக் கட்டடம்—

(நிறுத்தினேன். கட்டடம் மூச்சு விடாது. மூச்சு விடுவது அதன் சீலிங்குக்கு மேலே இருக்கும் காற்றுப்பெட்டி. வெளிக்காற்றை இழுத்து, ஃபில்டரில் வடிகட்டி, உள்ளே அனுப்பும். பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அதற்குள்தான் மாட்டிக்கொள்ளப் போகிறது.)

இரண்டாவது தொடக்கம்: ஒரு மேசை. அதைச் சுற்றி—

இது பரவாயில்லை. மேசையைச் சுற்றி மூன்று பேர்: வடிவமைப்பாளனான என் மச்சினன், குழாயும் காற்றும் பார்க்கும் இஞ்சினியர், கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி. மற்ற இடங்களில் என்ன நடக்கும்? ஒருவர் வரைவார், ஒருவர் முறைப்பார், ஒருவர் தனக்குத் தோன்றியதைக் கட்டுவார். கட்டி முடிந்ததும் மூவரும் கடிதம் எழுதிச் சண்டை போடுவார்கள். இங்கே அப்படி இல்லை. முதல் நாளிலிருந்தே ஒரே மேசை, ஒரே ஒப்பந்தம். கட்டடம் பிறப்பதிலிருந்து இடிபடும் நாள்வரை எல்லாம் சேர்ந்தே யோசிப்பது. நல்லதும் கெட்டதும் பொது. சுவரில் கொட்டை எழுத்தில் ஒப்பந்தத்தின் முதல் விதி எழுதிய பலகை: 'யார் என்று கேளாதே, எப்படி என்று கேள்.'

நல்ல ஏற்பாடு. கிண்டல் செய்யவில்லை. (செய்தேன். அழித்துவிட்டேன்.)

நான்காவதாக ஒரு நாற்காலியும் உண்டு. அது எப்போதும் காலி. முப்பது வருடம் கழித்து இந்தக் கட்டடத்தில் இருக்கப்போகிறவருக்காக, எதிர்காலத்துக்காக, ஒவ்வொரு கூட்டத்திலும் போட்டு வைப்பார்கள். முதல் கூட்டத்தில் அதற்கு எழுந்து நின்று வணக்கம் வைத்தார்களாம். மூன்றாவது கூட்டத்திலிருந்து அதன்மேல் மூன்று ஹெல்மெட், ஒரு குடை, என் மச்சினனின் சாப்பாட்டுப் பை.

3

இப்போது ஒரு பாத்திரத்தை எழுதும் என் கையைச் சந்தேகப்பட வேண்டும். சாவியக்கா.

பழைய நூலகக் கட்டடத்தைப் பதினொரு வருடம் பராமரித்தவர். இடுப்பில் அறுபத்து நான்கு சாவி. நடந்தால் மாட்டுவண்டி வருவதுபோல் சத்தம் கேட்கும். பதினொரு வருடமும் தற்காலிக ஊழியர். புதிய கட்டடத்தை ஏற்றுக்கொண்டு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் வேறு யாரோ போடுவார்.

இவரை எழுதும்போது என் கை தானாகவே விளக்கொளி, வியர்வைத் துளி, வைராக்கியம் என்று போகிறது. வேண்டாம். அவர் அதிகம் பேசுவார், எதையும் பிடித்துக்கொண்டால் விடமாட்டார், என் மச்சினனைப் 'பென்சில் தம்பி' என்பார். அவ்வளவுதான்.

கட்டுவதற்கு முன்னால் பழைய சாவிகளை ஒப்படைக்க ஒரே ஒருநாள், இரண்டாவது கூட்டத்துக்கு வந்திருக்கிறார். காலியாக இருந்த நாற்காலியை இழுத்தார்.

"அக்கா, அது எதிர்காலத்துக்கு" என்றான் மச்சினன்.

"எப்ப வருவாராம்?"

சாவியக்கா நின்றபடியே வரைபடத்தைப் பார்த்தார். "இந்தப் பெட்டில ஃபில்டர மூணு மாசத்துக்கு ஒருதரம் மாத்தணுமே. எந்தப் பக்கமா உருவறது?"

கூட்டக் குறிப்பில் இது இப்படிப் பதிவாகியிருக்கிறது: 'பார்வையாளர் ஒருவர் ஆர்வம் தெரிவித்தார்.'

4

நடந்தது இவ்வளவுதான். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மச்சினன் சீலிங்கை ஒரு சாண் இறக்கினான். கைதட்டல். நிமிர்ந்திருந்த காற்றுப்பெட்டி இப்போது இடிக்குமே என்று இஞ்சினியர் அதைப் பெருந்தன்மையோடு படுக்கப் போட்டார். ஃபில்டர் உருவும் வாய் பக்கவாட்டுக்கு வந்தது. கைதட்டல். இடித்த பழைய கட்டடத்தின் தேக்கு உத்தரத்தை வீணாக்காமல் வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி மேஸ்திரி இரண்டு முழம் தள்ளி வைத்தார். பாதி கீழே தெரிகிறது, பாதி சீலிங்குக்குள். பலத்த கைதட்டல்.

உத்தரம் போய் நின்ற இடம், ஃபில்டர் வாய்க்கு நேர் எதிரே. இடைவெளி ஒரு சாண். ஃபில்டரின் நீளம் இரண்டு முழம்.

விட்டுக்கொடுத்தவர்கள் மூவர். மாட்டிக்கொண்டது காற்று.

(அந்த உத்தரம் எதைத் தாங்குகிறது என்று இஞ்சினியரைக் கேட்டேன். "கூரையைத் தாங்கல சார். விருதத்தான் தாங்குது" என்றார். முந்தைய சுற்றில் படத்தில் பார்த்த நடுவர்களின் மனதைக் கவர்ந்ததே அந்தப் பழைய தேக்குதானாம்.)

5

வியாழக்கிழமை மதியம், புதிய நூலக வாசல். மேசையும் நாற்காலிகளும் பலகையும் இப்போது இங்கே வந்திருந்தன. புத்தகத்தின் மாதிரித் தாளைச் சாவியக்காவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெருமை, வேறென்ன. கடைசிப் பக்கத்தை இரண்டுமுறை படித்தார்.

"'பராமரிப்பு அலுவலர் புன்னகையோடு கையெழுத்திட்டார்.' யாரு சார், நானா?"

"ஆமாங்கக்கா."

"நான் இன்னும் கையெழுத்தே போடலயே. அதுக்குள்ள சிரிக்க வேற வெச்சிட்டீங்களா?"

"அது... அச்சுக்குப் போகணும்ல."

"படிவத்துல என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா? 'எல்லாக் கருவிகளும் கைக்கு எட்டும்படி உள்ளன. இனி பொறுப்பு என்னுடையது.' ஃபில்டர் அடைச்சு பிள்ளைங்க இருமினா யாரக் கேப்பாங்க? இங்க யாருன்னு கேக்கக் கூடாதாம், பலகையே மாட்டியிருக்கீங்க. வெளில எல்லாரும் கேப்பாங்க சார். என்னத்தான் கேப்பாங்க."

(தேய்ந்தது எதுவென்று பிறகு சொல்கிறேன் என்றேனே, அது அந்தப் பெருமைதான்.)

6

மச்சினனும் இஞ்சினியரும் மேஸ்திரியும் வந்தார்கள். சாவியக்கா ஏணியை விரித்தார்.

"பென்சில் தம்பி, நீங்களே உருவிக் காட்டுங்க. வந்துட்டா இப்பவே கையெழுத்து."

மச்சினன் சட்டையை மடித்துக்கொண்டு ஏறினான். சீலிங் கதவைத் திறந்தான். உத்தரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் கையை விட்டான். முழங்கை போயிற்று. தோள் போயிற்று.

"பிடிச்சிட்டேன்!"

"இழுங்க."

ஏணி ஆடியது.

"தம்பி?"

"கை வரல."

இஞ்சினியர் அவன் இடது காலைப் பிடித்தார், மேஸ்திரி வலது காலை. மூவரும் இவ்வளவு ஒருமனதாக உழைத்து நான் பார்த்ததில்லை. கை வரவில்லை. செருப்பு வந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து மச்சினன் அலறினான்: "எந்த மடையன்டா இந்தக் கட்டைய இங்க வெச்சது?"

மேஸ்திரி சுவர்ப் பலகையைப் பார்த்தார். இஞ்சினியர் தரையைப் பார்த்தார். ஒப்பந்தத்தின் முதல் விதி உடைந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சாவியக்கா ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். கால் மணி நேரம் கழித்துக் கை வந்தது. ஃபில்டர் வரவில்லை.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. கையெழுத்துப் போடுகிறார். நிரந்தரமாகிறார். விருது வருகிறது. ஆறு மாதத்தில்— (எழுத முடியவில்லை. ஒரு குழந்தை இருமுகிறது.)

ஆ. மேஸ்திரி ரம்பம் எடுத்து உத்தரத்தில் ஃபில்டர் அகலத்துக்கு ஒரு வெட்டு விடுகிறார். மச்சினன், தான் பெற்ற பிள்ளைக்குக் காது குத்துவதைப் பார்ப்பவன்போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நடுவர்கள் வெட்டைப் பார்க்கிறார்கள். விருது போகிறது.

இ. நடுவர்கள் அதே வெட்டைப் பார்த்து, "முப்பது வருடத்தை யோசித்தவர்கள் நீங்கள்தான்" என்று— (இது பொய் வாசனை அடிக்கிறது. எனக்கே பிடித்திருக்கிறது, அதனால் சந்தேகம்.)

எழுதாத, ஆனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூவரும் மேசைக்குத் திரும்பினார்கள். சாவியக்கா நான்காவது நாற்காலியிலிருந்து ஹெல்மெட்டுகளையும் குடையையும் சாப்பாட்டுப் பையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். இம்முறை யாரும் தடுக்கவில்லை. படிவத்தை இழுத்தார். பேனா கேட்டார். என்னிடம்தான் இருந்தது.

அச்சகத்துக்குப் போகவேண்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"சார், முதல்ல நான் போடறேன். அப்புறம் நீங்க எழுதுங்க. இந்த ஒரு தடவையாவது அந்த வரிசைல நடக்கட்டும்."

சரி என்றேன். கடைசிப் பக்கத்து வாக்கியத்தை அடித்துவிட்டேன். அச்சகம் மூடும் நேரம்வரை அவர் படிவத்தைப் படித்துக்கொண்டே இருந்தார்; புத்தகம் அந்த இடத்தில் வெள்ளையாகவே அச்சானது. ஆகவே இந்தக் கதைக்கும் என்னிடம் முடிவு கிடையாது.

உங்களுக்கு வேண்டுமென்றால் அந்த நூலகத்துக்குப் போங்கள். ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலருகே உட்கார்ந்து, நிமிர்ந்து தேக்கு உத்தரத்தைப் பாருங்கள். அதில் ஃபில்டர் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு இருக்கலாம். இல்லையென்றால், பத்தாவது பக்கம் போவதற்குள் உங்களுக்கே இருமல் வரும். சாவிச் சத்தம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள்.