சுவருக்குள் ஈரம்

பம்பரம் என்று அவளுக்குப் பேர் வைத்தவர் அக்காள் புருஷன்தான். உட்கார்ந்தால் காலாட்டுவாள், நின்றால் நடப்பாள். அன்று மத்தியானம், இருவரும் சேர்ந்து நடத்தும் பலகைப் பட்டறைக்குள் அவள் சுற்றிய சுற்றில் அவருக்கே தலை கிறுகிறுத்தது.

வைக்கோல் தூளோடு காளான் விதையைக் கலந்து அச்சில் அடைத்தால், வெள்ளை நூல் படர்ந்து தானே பலகையாக இறுகிவிடும். பிறகு அதைச் சூட்டடுப்பில் வைத்துக் காளானைக் கொன்றாக வேண்டும். இல்லாவிட்டால் சுவரிலும் வளரும். இருவரும் அப்படிச் செய்த பலகைகள்தான் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயாளிகள் காத்திருக்கப்போகும் புது அறையின் சுவரை மூடியிருந்தன. மறுநாள் திறப்பு. முதல் பெரிய வேலை. இது சொதப்பினால் பட்டறைக்குப் பூட்டுதான்.

கடைசி அடுக்கைப் பொறுமையில்லாமல் அடுப்பிலிருந்து முன்னதாகவே வெளியே எடுத்தவள் அவள். மேலே காய்ந்திருந்தது. உள்ளே? போய்த் தொட்டுப் பார்த்துவிடலாம் என்றாள். சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே என்று அத்தான் முணுமுணுத்தார். ஆனாலும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்து ஒவ்வொரு பலகையாகத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னல் ஓரத்துப் பலகை சில்லென்றிருந்தது. நகத்தால் சுரண்டினாள். மழைக்கால விறகின் வாடை வந்தது.

அத்தானும் தொட்டார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணுதானே. மேல ஒரு பூச்சு அடிச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"இது உள்ள மூச்சு விடுது அத்தான். இங்க வந்து உட்காரப்போறவங்க மூச்சு விட முடியாமத்தானே வர்றாங்க."

அவர் விருட்டென்று வெளியே போய்விட்டார். அவள் நேரே தலைமை டாக்டரம்மாவிடம் போய், அவசரப்பட்டது தான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டரம்மா கத்தவில்லை. மொத்தச் சுவரையும் கழற்றச் சொன்னார், திறப்பை நிறுத்தினார், மறுபடி உங்களுக்கே வேலை தருவேன் என்று வாக்குத் தர முடியாது என்றார்.

அவள் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து அழுதாள். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

அத்தான் கடப்பாரையோடு திரும்பி வந்தார். பலகை இடுக்கில் அதன் முனையைச் செருகியவர் அவள் காலைப் பார்த்தார்.

"என்ன பம்பரம், நின்னுபோச்சு?"

அவளும் குனிந்து பார்த்தாள். கால் ஆடவில்லை.