நாலரை அடி உயரத்தில்

டெக்சாஸ் கரையோரத்தில் சனிக்கிழமைதோறும் டேப்பும் கையுமாகக் கிழட்டு லைவ் ஓக் மரங்களைத் தேடி அளப்பவள் நான். எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்குப் பின்னால் நிற்பதை மட்டும் அளக்காமலே விட்டிருந்தேன். சங்கத் தலைவர் பாலசுப்ரமணியன் அங்கிள் அதை வெட்டிவிட்டு கார் பார்க்கிங் போடப் போகிறார் என்றதும்தான் ரோஷம் வந்தது.

சுற்றளவு இருபது அடி இருந்தால் வெட்டக் கூடாது என்பது எங்கள் ஊர் விதி. திங்கட்கிழமை நகராட்சி அதிகாரி அளக்க வருகிறார். நான் முந்திக்கொண்டு, விதிப்படி தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் டேப்பைச் சுற்றினேன். பத்தொன்பதரைதான் வந்தது. அரை அடி குறைவு.

அப்புறம்தான் காலடியைப் பார்த்தேன். நான் நின்றது தரையே இல்லை, மண்மேடு. வெட்டும் பேச்சு கிளம்பிய புதிதில், மரத்தைச் சுற்றி அந்த மேடும் அதன்மேல் ஒரு குட்டிப் பிள்ளையாரும் ஒரே இரவில் முளைத்திருந்தன. பிள்ளையார் இருக்கும் மரத்தில் யார் கை வைப்பார்கள் என்ற கணக்கு. பெண்கள் சுயம்பு என்று விளக்கேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அங்கிளோ, பிள்ளையாரைக் கோயிலில் சேர்த்துவிடலாம், வைத்த ஆள் மாட்டினால் ஃபைன் என்று குதித்தார்.

மேட்டின் ஓரத்தைத் தோண்டினேன். ஒன்றரை அடிக்குக் கீழே பழைய சருகும் ஓக் கொட்டைகளும் கிடந்தன. அதுதான் அசல் தரை. அங்கிருந்து நாலரை அடி பார்த்து, அடிமரம் பருத்த இடத்துக்கு டேப்பை இறக்கிச் சுற்றினால் இருபது அடி ஓர் அங்குலம்!

நேராகப் பக்கத்து வீட்டு வான்மதியிடம் போனேன்.

"மண்ணு கொட்டினது நீதானே?"

"ஐயோ தென்றல், அது சுயம்புப்பா."

"சுயம்புக்கு எதுக்குடி கார்டன் சாயில்? உன் கராஜ்ல காலி மூட்டை கிடக்கு."

அவள் முகம் வெளுத்தது. "எல்லாரும் நம்பிக்கையா விளக்கேத்தறாங்க. நான் வச்சதுன்னு தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பாங்களா? ப்ளீஸ், என்னை இழுக்காத."

கதவு சாத்தப்பட்டது. அவள் வராவிட்டால் போகட்டும், நான் விடுவதாக இல்லை.

திங்கட்கிழமை கூட்டம் கூடிவிட்டது. அதிகாரி மேட்டின் மேலிருந்து அளந்தார். பத்தொன்பதரை. நான் குழியைக் காட்டினேன்.

"பள்ளம் தோண்டி மரத்தப் பெருசாக்கப் பாக்கறாங்க!" என்றார் அங்கிள்.

மண் பிறகு கொட்டப்பட்டது என்றால் கொட்டிய ஆளே வந்து சொல்ல வேண்டும், இல்லையென்றால் இதுதான் தரை என்றார் அதிகாரி. பிள்ளையாரடியில் தோண்டிய கோபத்தில் பெண்கள் என்னை முறைத்தார்கள். வான்மதியின் பெயரை இழுக்காமல் நான் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். என்னைத் தாண்டித்தான் வெட்ட வேண்டும்.

"நான்தான் அங்கிள்."

வான்மதி கூட்டத்தை விலக்கி வந்தாள். "மண்ணு கொட்டினது நான். பிள்ளையார் இந்தியன் ஸ்டோர்ல வாங்கினது. ஃபைன் போடுங்க." அதையே அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. அவர் தலையாட்டிவிட்டு டேப்பைக் கீழே இறக்கினார்.

சாந்தி ஆன்ட்டி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"என் பொண்ணுக்கு க்ரீன் கார்டு வரணும்னு தினமும் வேண்டிக்கிட்டேனேம்மா. அப்போ அதெல்லாம்?"

வான்மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நானும்தான் ஆன்ட்டி தினமும் வேண்டிக்கிட்டேன். இந்த மரம் நிக்கணும்னு."

இருபது அடி ஓர் அங்குலம் என்று அதிகாரி அளவை உரக்கப் படித்தார்.