மாதா தண்ணியும் பீப்பாய்ச் சாத்துக்குடியும்

"அண்ணி, இன்னிக்கு ஊத்தாதீங்க, வேரு மூச்சு முட்டிப் போவுது…"

"மூச்சாம், மரத்துக்கு மூச்சாம். மாதா குளத்துத் தண்ணிடி இது, படுத்துக் கெடந்தவங்கள எழுப்பின தண்ணி…"

"எழுப்புச்சி, நான் இல்லங்கல. இலையக் கொஞ்சம் பாருங்க…"

"பாத்தேன். தண்ணிக்கு ஒண்ணும் இல்ல. உன் கைராசி அப்படி."

செலின் மேரி உதிர்ந்த இலைகளைக் குனிந்து பொறுக்கினாள். அல்போன்சா செம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

அல்போன்சா, செலினுடைய புருஷன் மரியசுந்தரத்துக்கு அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து வந்தவள். வில்லியனூரில் தம்பி வீட்டை ஆள்கிறவள் அவள்தான். தினமும் காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் குளத்திலிருந்து ஒரு செம்பு தண்ணி கொண்டுவந்து அந்தச் சாத்துக்குடிக்கு ஊற்றுவாள்.

மரம் செலின் வளர்த்தது. கடாரங்காய் விதை போட்டு, கன்று சுண்டுவிரல் கனம் வந்ததும் பட்டையைக் கீறி, சாத்துக்குடிக் கண்ணைச் சொருகி வாழைநாரால் கட்டினாள். முதல் இரண்டு ஒட்டும் காய்ந்தன. மூன்றாவது பிடித்தது. பட்டணத்திலிருந்து வந்த ஒயின் பீப்பாயைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, அதில் வைத்தாள். முதல் காய் திருவிழாவுக்கு மாதா காலடியில் என்று அல்போன்சா கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இப்போது மரம் மஞ்சளாகி உதிர்கிறது.

ஊரில் தலைகாட்ட முடியாது என்று அக்கா புலம்பியதில் மரியசுந்தரம் தீர்ப்புச் சொல்லிவிட்டான். இந்த மரமும் செத்தால் செலின் இனித் தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது, ஒரு கீரை விதைகூடத் தூவக்கூடாது. செலின் சரியென்றாள். ஆனால் அதுவரை மரம் தன் பொறுப்பு, வேறு யாரும் தொடக்கூடாது என்றாள்.

மறுநாளே புருஷனைப் பிடிக்கச் சொல்லிப் பீப்பாயைச் சாய்த்தாள். மண் கறுத்துச் சேறாகி, சாக்கடை வீச்சம் அடித்தது. வேரில் பாதி அழுகல். அடியில் ஓட்டையைத் தடவினாள். போத்தல் தக்கை. தக்கையைச் சுற்றி மெழுகுத்திரி உருக்கி ஊற்றியிருந்தது.

"யாரு அடைச்சது?" என்றான் மரியசுந்தரம்.

"நான்தான்," என்றாள் அல்போன்சா. "மாதா தண்ணி ஒழுவித் தரையில ஓடினா நாலு பேரு காலுல மிதிபடாதா?"

செலினுக்கு வசவு நாக்கின் நுனிவரை வந்தது. திட்டினால் வேர் முளைக்குமா? அழுகலை வெட்டினாள், வேரைக் கழுவினாள், கிளையைக் குறைத்தாள். ஆற்றுமணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நட்டாள். பீப்பாயை நான்கு செங்கல் மேல் ஏற்றி, ஓட்டைக்கு நேராகப் பித்தளைத் தாம்பாளம் வைத்தாள். வடிகிற தண்ணியை மிச்சக் கடாரங்காய்க் கன்றுகளுக்கு ஊற்றலாம், ஒரு கால் படாது என்றாள். மண்ணுக்குள் விரல் விட்டால் இரண்டு கணு ஆழத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும், அன்றைக்கு மட்டும் மாதா தண்ணி. அல்போன்சா யோசித்துப் பார்த்து, அதில் பாவம் எதுவும் இல்லையென்று ஒத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் வெறும் குச்சி. பக்கத்து வீட்டுக்காரிகள் கொடி கட்டித் துணி காயப்போடலாமே என்று கேட்டார்கள். அப்புறம் ஒருநாள் மளமளவென்று ஒரு துளிர், முள்ளோடு. அல்போன்சா சிலுவை போட்டுக்கொண்டு தெருவையே கூப்பிட்டாள். செலின் வந்து குனிந்து பார்த்தாள். ஒட்டுக்குக் கீழே, கடாரங்காயிலிருந்து வந்திருந்தது. அத்தனை பேர் பார்க்கக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிப் போட்டாள்.

"பாவி, மாதா குடுத்த உசுருடி," என்று அல்போன்சா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதை விட்டால் சாத்துக்குடியைத் தின்றுவிடும் என்று செலின் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நான்காம் வாரம் ஒட்டுக்கு மேலே ஒரு பச்சைப் புள்ளி. அப்புறம் ஏழு. அடுத்த ஆடியில் பூத்தது. மரம் அத்தனையும் தாங்காதென்று, முப்பது பிஞ்சில் பன்னிரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செலின் கிள்ளினாள். அல்போன்சா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

திருவிழாவுக்குப் பழத்தைப் பறிக்கவில்லை. மரத்தையே கொண்டுபோனார்கள். பீப்பாயை மூங்கிலில் கட்டி நாலு பேர் தோள் கொடுக்க, பன்னிரண்டு பழமும் ஆடிக்கொண்டு வில்லியனூர்த் தெருவில் வந்தன. மேளக்காரர்கள் கேட்காமலே முன்னால் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளைக்கார மதாம் ஒருத்தி குடையை மடக்கிவிட்டுப் பார்த்தாள். பட்டணத்து ஆட்கள் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கோயில் வாசலில் இறக்கியதும் சாமியாரே வந்து கிளையைத் தூக்கிப் பார்த்து, ஒட்டுக் கட்டினது யாரென்று கேட்டார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு செலினின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டது அல்போன்சா.

திரும்பும் வழியெல்லாம் அவள் பெண்களோடு ரகசியம் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து, செலின் செருப்பைக் கழற்றுவதற்குள், கொல்லைக்குப் போய்க் கடாரங்காய்க் கன்றுகளை எண்ணினாள்.

"ஏண்டி செலினு, இங்க ஒம்பது கன்னுதான் நிக்குது. நான் பதினேழு வூட்டுக்கு உன் கையால ஒட்டுக் கட்டித் தரேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன், இப்ப இன்னா பண்றது?"