மேனேஜரின் சட்டையைத் திறக்காதீர்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை முறைப்பதற்கு இது மேல். பதினொரு நாளைக்கு முன் ஒரு சாயங்காலம், வீட்டில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. "நானா? இல்லையே" என்றேன். இரண்டே சொல், இரண்டும் பொய். சொன்ன கையோடு, தலைபோகிற வேலை இருப்பவன்போல மேசைக்குப் போய் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். அந்தக் கேள்வி என்ன என்பது அதன் இடத்தில் வரும்.

முதல் வரி சுலபத்தில் அமையவில்லை.

அந்த வீட்டில் ஒரு பூனை இருந்தது, அதற்கு

(அடித்துவிட்டேன். பூனை இல்லாத வீடு எது?)

ஆறாத காயம் என்று உலகத்தில் எதுவும்

(இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

தையல்காரிக்குத் தன் முடிச்சு எது என்று தெரியும்.

இது நின்றது. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

தையல்காரிக்குத் தன் முடிச்சு எது என்று தெரியும். அவளுக்கு இடதுகைப் பழக்கம். கடைத்தெரு மாடியில் எட்டு மெஷின் ஓடும் தையல்கூடத்தில் துணி வெட்டுவது அவள்தான். இடதுகைக்காரர்களுக்கென்று செய்த கத்தரி ஒன்று வைத்திருக்கிறாள். அதை வேறு யார் எடுத்தாலும் துணி வெட்டுப்படாது. எடுத்தது அவளுக்குத் தெரிந்தால் எடுத்தவர் வெட்டுப்படுவார் என்று கூடத்தில் ஒரு பேச்சு உண்டு.

அவள் வீட்டில் பதின்மூன்று வயதில் ஒரு ஆண்பூனை. மகள் தவழ ஆரம்பித்தபோது வந்தது. பெயர் மேனேஜர். எல்லோரும் வேலை செய்வதை உட்கார்ந்து பார்க்கும், தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது, சாப்பாட்டு நேரம் மட்டும் தவறாது. அதனால் அந்தப் பெயர்.

இரண்டு மாதத்துக்கு முன் மதில்மேல் இன்னொரு பூனையோடு நடந்த தகராறில் மேனேஜருக்கு இடது தொடையில் ஒரு கடி. அது சீழ்கட்டி, உடைந்து, சட்டைப் பொத்தான் அளவுக்குக் குழியாக நின்றுவிட்டது. தோல் பிடிக்கும். மேனேஜர் நக்கும். பிடித்த தோல் போய்விடும். மறுபடி பிடிக்கும், மறுபடி நக்கும்.

கால்நடை டாக்டர் சுற்றி வளைத்துப் பேசாத பெண்மணி.

"இன்னும் மூணு வாரம் பாக்கறேன்மா. மருந்து வெச்சு மூடிடறேன். மூணு நாளைக்கு ஒரு தடவை நீங்க மாத்துங்க. நடுவுல திறக்கவே கூடாது, அது நாக்கு படவே கூடாது. இருபத்தோராம் நாள் செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்குக் கொண்டு வாங்க. அப்பவும் மூடலைன்னா மயக்கம் குடுத்து, வெட்டித் தைக்கணும்."

"தைச்சுடலாமே டாக்டர்?"

"தைக்கறது பெரிசில்லை. பதிமூணு வயசு. கிட்னி பாதிதான் வேலை செய்யுது. மயக்கத்துல இருந்து எழுந்திரிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

தையல்காரி தலையை ஆட்டினாள். "அப்ப மூடித்தான் ஆகணும்" என்றாள். டாக்டரிடம் சொன்னாளா, காயத்திடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு ஒரு நாள்தான் தாங்கியது. மேனேஜர் கதவில் இடித்தது, நாற்காலியில் இடித்தது, தட்டு எட்டாமல் பட்டினி கிடந்தது. தையல்காரி அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, அளவுநாடாவை எடுத்தாள். பழைய பனியனில் உடம்பு முழுக்க மூடும் சட்டை. நான்கு கால்களுக்கு நான்கு ஓட்டை, வாலுக்கு ஒன்று, முதுகில் நாடா கட்டி முடிச்சு. நாலாவது சட்டைதான் சரியாக உட்கார்ந்தது.*

* தையல்கூடத்தின் அளவு நோட்டில் வாடிக்கையாளர்களுக்கு நடுவே "மேனேஜர், மார்பு 15" என்று ஒரு பதிவு இருக்கிறது. அதைப் பார்த்த ஒரு அம்மாள், "பாவம், என்ன வியாதி அவருக்கு?" என்று விசாரித்தாராம்.

3

இங்கே கதைக்கு ஒரு கணவன் தேவைப்படுகிறான். பகலில் பூனையோடு வீட்டில் யாராவது இருந்தாக வேண்டுமே.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். காலை ஏழு மணிக்கே

(பகலில் வீட்டில் இருக்கமாட்டான். உதவாது.)

அவள் கணவன் வெளியூர் பஸ் ஓட்டுபவன், வாரத்தில் நான்கு நாள்

(அதே சிக்கல்.)

அவள் கணவன் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

(சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஆளைக் கொன்று வழி பண்ணிக்கொள்வது அழகில்லை.)

அவனை அப்படியே விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை பிரித்து மாற்றியபோது காயம் ஈரமாக இருந்தது. ஆரம்பம்தானே என்று நினைத்தாள். ஆறாம் நாளும் ஈரம். ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, கூடத்திலிருந்து வந்ததும் மேனேஜரை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சில் விரலை வைத்தவள், அப்படியே நிறுத்தினாள். முடிச்சு வலப்பக்கம் திரும்பியிருந்தது. அதன்மேல் பயந்தாங்கொள்ளி கட்டியதுபோல இன்னொரு முடிச்சு. அவள் ஆயுளில் அப்படி ஒரு முடிச்சு போட்டதில்லை.

சட்டையைக் கழற்றினாள். மூடியிருந்த பஞ்சு ஒரு ஓரம் கிளம்பி, எச்சிலில் நனைந்திருந்தது. ஒன்பது நாள் வீண்.

"யாரு இதை அவுத்தது?" என்றாள்.

அன்று மத்தியானம் நாத்தனார் வந்திருந்தாள். ஈரமனசுக்காரி. "ஐயோ, வாயில்லா ஜீவனை இப்படிக் கட்டிப்போட்டிருக்காங்களே" என்று உச்சுக்கொட்டியபடி நாடாவை

4

இந்த இடத்தில் என் பேனாவுக்குமேல் ஒரு நிழல் விழுந்தது. என் மனைவி. தோளில் அளவுநாடா.

இப்போது சொல்லிவிடுகிறேன், மறைத்து லாபமில்லை. தையல்காரி என் மனைவி. மேனேஜர் எங்கள் வீட்டுப் பூனை. நான் வீட்டிலிருந்தபடி பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். பகல் முழுக்க மேனேஜரும் நானும்தான். கேட்கப்பட்ட கேள்வி அதுதான்: யாரு இதை அவுத்தது, நீங்களா?

நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள்.

"லிஃப்ட் மெக்கானிக்கா?"

"அது கதைல."

"அடுத்ததுக்கு அடுத்த வரில செத்துட்டான்."

"அதைத்தான் வேண்டாம்னு எழுதியிருக்கேனே."

"உங்க தங்கச்சி என்ன பாவம் பண்ணினா? அவ இந்தப் பக்கம் வந்தே ஆறு மாசம் ஆச்சு." காகிதங்களை மேசையில் தட்டி அடுக்கினாள். "ஏங்க, கதைல யாரு அவுத்தான்னு எனக்கு வேண்டாம். வீட்ல யாரு?"

"நான்தான்" என்றேன். "மத்தியானம் ஒரு பத்து நிமிஷம். எதிர்ல உக்காந்து என்னையே பாக்குதும்மா. வேலை ஓட மாட்டேங்குது. பிழைகூட சரியானதா தெரியுது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகள் அறை வாசலிலிருந்து, "நானும்தான்" என்றாள். "ஸ்கூல் விட்டு வந்ததும். அஞ்சே நிமிஷம். இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ், அதான் அப்பா முடிச்சு மாட்டிக்கிச்சு. தினமும் நான் கடைசில கட்டறதால உங்களுக்குத் தெரியலை."

மகள் முடிச்சுப் போடக் கற்றது அம்மாவின் கையைப் பார்த்து. அவள் முடிச்சும் இடப்பக்கம்தான் திரும்பும்.

"நக்க விட்டியாடி?"

"நக்காமதான் பாத்துக்கிட்டேன்."

"நக்கவே இல்லை?"

"ரெண்டு தடவைதான்."

இனி பூகம்பம்தான் என்று நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் மனைவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"காலைல நான் அவுப்பேன்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி. கொஞ்சம் காத்தாடட்டும்னு."

மூன்று பேரும் மேனேஜரைப் பார்த்தோம். அது சன்னல் விளிம்பில் உட்கார்ந்து எங்களை மேற்பார்வை செய்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தான் மட்டும்தான் இரக்கக்காரர் என்ற நினைப்பில். எனக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"போதும்" என்று எழுந்தாள். "பாவம் பாத்துப் பாத்தே கொன்னுடுவோம் போலிருக்கு. ஊசியை எடுடி."

5

இனிமேல் முடிச்சு கிடையாது. புதுப் பஞ்சு வைத்து மூடி, சட்டையை மேனேஜர்மேல் போட்டு, முதுகில் கழுத்திலிருந்து வால்வரை கையாலேயே தைத்துவிட்டாள். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். மகள் தலையை. தைக்கும்போது அவள் தன் வலது கை ஆள்காட்டி விரலைத் துணிக்கும் பூனைக்கும் நடுவே நுழைத்துவைத்திருந்தாள், ஊசி இறங்கினால் தன் விரலில் இறங்கட்டும் என்று. இறங்கியது. நான் எண்ணியவரை ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் "ச்" என்றாள், அவ்வளவுதான்.

"இனி இதைத் திறக்கணும்னா என் கத்தரிதான் வேணும். கத்தரி என் பையில என்கூட வரும்."

"காலைல நீ வீட்லதானே இருப்ப?" என்றேன்.

யோசித்தாள். மறுநாளிலிருந்து கத்தரியைக் கூடத்திலேயே பூட்டிவைத்துவிட்டு வந்தாள். மூன்று நாளைக்கு ஒருமுறை மட்டும் கொண்டுவருவாள்.

அந்தப் பதினொரு நாளை விவரிக்க ஆசைப்பட்டு இரண்டு பக்கம் எழுதினேன். மேனேஜர் என் முன்னால் உட்கார்ந்தது, என்னைப் பார்த்தது, நான் பாடப்புத்தகத்தைப் பார்த்தேன். இதேதான் இரண்டு பக்கமும். எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வாக்கியம் தேறியது: பிடிவாதம் பார்ப்பதற்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலவே இருக்கிறது.*

* இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "நீங்க ஒண்ணும் செய்யலைதான். நான் தைச்சிட்டிருக்கேன்" என்றாள்.

ஞாயிறன்று பிரித்தோம். ஓரம் காய்ந்திருந்தது. புதன்கிழமை, சுற்றிலும் வெளிறிய ரோஜா நிறத்தில் புதுத் தோல். சனிக்கிழமை குழி பாதிப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மகள் துள்ளினாள். மனைவி துள்ளவில்லை. "பாதி போதாது" என்றாள், ஊசியில் நூல் கோத்தாள்.

6

இன்று திங்கள் சாயங்காலம். நாளை பத்து மணிக்கு டாக்டர் மேசைமேல் அந்தத் தையலைப் பிரிப்போம். கதைக்கு முடிவு வேண்டுமே என்று உட்கார்ந்தேன்.

முடிவு ஒன்று: டாக்டர் பஞ்சை எடுக்கிறார். தோல் முழுசாக மூடியிருக்கிறது. "பரவாயில்லையேம்மா" என்கிறார். மேனேஜர் நன்றியாக அவர் கையைக் கடிக்கிறது.

முடிவு இரண்டு: மூடவில்லை. மேனேஜரை உள்ளே கொண்டுபோகிறார்கள். நாங்கள் மூன்று பேரும் வெளியே பெஞ்சில். மனைவி மடியில் காலிச் சட்டை. கதவு திறந்து டாக்டர்

முடிவு மூன்று: பாதியும் இல்லாமல் முழுதும் இல்லாமல், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமென்று

அவள் கூடத்திலிருந்து வந்தாள். பையை மாட்டினாள், குனிந்து மேனேஜரின் முதுகுத் தையலை ஒருமுறை விரலால் தடவிச் சரிபார்த்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"முடிச்சாச்சா?"

"மூணு முடிவு எழுதியிருக்கேன். எது நல்லாயிருக்குன்னு பாரு."

படித்தாள். இரண்டாவதில் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை எழுதியிருக்கவே கூடாது என்று பட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்குத்தானே திறக்கறோம்?" என்றாள். "இப்பவே எதுக்குத் திறக்கறீங்க?"

என் பேனாவை இடது கையால் வாங்கி மூன்றின்மேலும் கோடு போட்டாள். (கோடு போட்டதை நான் உங்களுக்கு அப்படியே காட்டிவிட்டேன். என் புத்தி தெரிந்ததுதானே.)

ஆகவே வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. ஒரு பழைய பனியனுக்குள், பஞ்சுக்கு அடியில் இருக்கிறது. இந்த இடத்திலிருந்து நீங்களும் எங்கள் வீட்டு ஆள். மேனேஜர் இப்போது உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறது, உங்களையே பார்க்கிறது. லேசாகப் பிரித்துப் பார்த்தால் என்ன, ஐந்தே நிமிடம், யாருக்கும் தெரியாது என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் மூன்று பேருக்கும் அப்படித்தான் தோன்றியது.

கையை மடியிலேயே வைத்திருங்கள். விடியட்டும்.