பாறையின் இந்தப் பக்கம்

அந்த வருடம் ஆகஸ்ட் பதினைந்து ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஒரு விடுமுறை கைநழுவிப் போயிற்றே என்று பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் தம்பி நாகேஷ் மாமாவுக்கு மட்டும் சந்தோஷம். லால்பாகில் மலர்க்காட்சிக்கு அன்றுதான் கடைசி நாள். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள், பெண் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றார்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. நீலசந்திராவில் எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். ஆறு பேர் வந்தால் இரண்டு பேர் வாசலில் நிற்க வேண்டும். வாசலில் நின்றால் சந்து முழுக்கத் தெரியும். அமையாமல் போனால் அதுவும் தெரியும். அதனால் இரண்டு குடும்பமும் பொழுதுபோக்க வந்ததுபோல லால்பாகுக்கு வந்து, தற்செயலாகச் சந்தித்ததுபோலப் பேசிக்கொள்வார்கள். ஜாதகம், குலம், ஊர் எல்லாம் முன்பே நடுவில் இருப்பவர் மூலம் பேசி முடித்திருக்கும். ஆகவே அங்கே யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. கேட்டால் வேஷம் கலைந்துவிடும்.

எனக்கு இது நான்காவது முறை. முதல் மூன்றிலும் நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. கேட்க நினைத்தது பெரிய விஷயமில்லை. வேலை முடிந்து மாலை ஆறரை முதல் எட்டரை வரை கம்ப்யூட்டர் டிப்ளமோ வகுப்புக்குப் போகிறேன். ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. அதுவரை விடுவார்களா என்பதுதான். வகுப்பில் ஒன்பது பெண்கள் சேர்ந்தோம். இப்போது நால்வர் இருக்கிறோம். போன ஐந்து பேரின் பெயரையும் கடைசியாக வந்த தேதியையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து பேருமே கல்யாணத்துக்கு முன்பு, "அப்புறம் வந்து சேந்துக்குவேன்" என்று சொன்னவர்கள்.

சனிக்கிழமை இரவு அந்தக் கேள்வியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது கெஞ்சுவதுபோல இருந்தது. இரண்டாவது மிரட்டுவதுபோல இருந்தது. மூன்றாவதில் மரியாதை அதிகமாகி, கேள்வியே எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மூன்றையும் அடித்துவிட்டுப் படுத்தேன்.

லால்பாக் பாறைமேல், கோபுரத்துக்குக் கீழே, பத்து மணி. இதுதான் மாமா சொன்னது. பையன் பெயர் ரகுராம், கம்பெனியில் சூப்பர்வைசர், நீலச் சட்டை போட்டு வருவார், அம்மாவும் அப்பாவும் கூட வருவார்கள். மாமா ஈஜிபுராவில் இருப்பதால் நேராக அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

நாங்கள் ஒன்பதே முக்காலுக்கே பாறை ஏறிவிட்டோம். கண்ணாடி மாளிகைக்குப் போகும் வரிசை மேலேயிருந்து பார்க்கக் கறுப்புக் கயிறு மாதிரி வளைந்து கிடந்தது. பாறையிலும் கூட்டம். கோபுரத்துக்குச் சற்றுக் கீழே, நிழல் விழுந்த இடத்தில், நீலச் சட்டை போட்ட ஒருவர் அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பட்டுச் சேலையில் இருந்தார். பொழுதுபோக்க வருகிறவர்கள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பாறை ஏற மாட்டார்கள்.

"அவங்கதான்," என்றாள் அம்மா. "போட்டோவுல மீச இருந்துச்சு. எடுத்துட்டாரு போல."

போட்டோ தபால்தலை அளவு. அதில் மீசையைத் தவிர வேறெதுவும் சரியாகத் தெரியவில்லை.

அம்மா அவர்கள் பக்கத்தில் போய், "இந்த எடம் காலியாங்க?" என்று கேட்டாள். பட்டுச் சேலை அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க, ஒக்காருங்க. ஒங்களுக்குத்தான் எடம் பிடிச்சு வெச்சிருக்கோம்," என்று சிரித்தார். இரண்டு அப்பாக்களும் கும்பிட்டுக்கொண்டார்கள்.

"அவரு இன்னும் வரலியே?" என்றார் என் அப்பா.

"எங்க வர்றது? கொடியேத்தறாங்கன்னு பஸ்ஸயெல்லாம் திருப்பி வுட்டுட்டான். நமக்கே பேஜாராயிடுச்சு," என்றார் அந்த அப்பா. "வருவாரு. அவரு வந்தா வாய மூட மாட்டாரு. வராததே ஸ்வல்ப நிம்மதி."

நாகேஷ் மாமாவை நன்றாகத் தெரிந்தவர் பேசுவதுபோல இருந்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பெண் பார்க்கும் இடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிடத்தில் இருவரும் மூடிப்போன ஒரு மில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அங்கே இருவரும் வெவ்வேறு ஷிப்டில் இருந்திருக்கிறார்கள். அம்மாக்கள் கடலையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

"பசங்க அப்பிடிக்கா போயி ஏரிய பாத்துட்டு வரட்டுமே," என்றார் பட்டுச் சேலை அம்மா.

இருவரும் எழுந்து நடந்தோம். இரண்டு அடி இடைவெளி இருந்தது. நடுவில் ஒரு பலூன்காரர் வந்து போனார்.

"நீங்க கார்மெண்ட்ஸுல டெய்லர்னு சொன்னாங்க," என்றார் அவர்.

"இல்லீங்க. பீன்யாவுல, ஸ்டோர்ஸுல கிளார்க்கு."

"ஓ," என்றார். பிறகு சிரித்தார். "அந்தாளு சொல்றதுல பாதிய கழிச்சுடணும்."

"நீங்க சூப்பர்வைசர்தானே?"

"அப்பிடியா சொன்னாரு? டிவி ரிப்பேருங்க. சொந்தக் கடை. மொதலாளியும் உதவியாளும் ரெண்டுமே நான்தான்."

எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. போன முறை வந்தவரை பேங்க் ஆபீசர் என்று மாமா சொல்லியிருந்தார். அவர் பேங்க் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மாமா சொன்னதும் நேரில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் நாங்கள் யோசித்திருப்போம். பொய் சொல்லாமல் டிவி ரிப்பேர் என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்தது. அதனால்தானோ என்னவோ, எழுதிப் பார்த்த மூன்றில் எதுவுமே நினைவில்லாமல் கேட்டுவிட்டேன்.

"நான் சாயங்கால கிளாசுக்குப் போறேன். ஏப்ரல் வரைக்கும் இருக்கு. விடுவீங்களா?"

அவர் நின்றார். "என்ன கிளாசு?"

சொன்னேன்.

"எத்தன மணிக்கு வுடறாங்க?"

"எட்டரை."

"எங்க?"

"ரெசிடென்சி ரோடு பக்கத்துல."

"அங்கேருந்து எங்க வீட்டுக்கு நேர் பஸ் கெடையாதே," என்றார். உண்மையிலேயே யோசித்தார். "மாறி வரணும். ஒம்போதரை ஆயிடும். நான் கடைய சாத்துறதே ஒம்பதுக்கு. வண்டி இருக்குது, வந்து கூட்டிக்கலாம். இல்லன்னா கல்யாணத்தயே மே மாசம் வெச்சுக்கச் சொல்லலாம். அது ரெண்டாவது வழி."

"ராத்திரி சமையல்?"

"சாதம் வடிப்பேன். கொழம்பு வராது. கொழம்பு எங்கம்மா வெப்பாங்க. அவங்க வெக்கறதும் வராதுன்னு வெச்சுக்குங்க."

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. நாங்கள் திரும்பியபோது இரண்டு அடி இடைவெளி ஓர் அடியாக இருந்தது. இதை நான் அளக்கவில்லை. அப்படித் தோன்றியது.

கோபுரத்தருகே நாகேஷ் மாமா நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா! இங்க என்னா பண்றீங்க? அவங்க அந்தப் பக்கம் ஒரு மணி நேரமா வெயில்ல காயறாங்க!"

"எவங்க?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க!"

அம்மா கையில் இருந்த கடலையைப் பார்த்தாள். பிறகு பட்டுச் சேலை அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "அப்ப நீ உஷா இல்லியா?" என்றார்.

"வீணாங்க."

"கிஷோரு," என்றார் அந்த அப்பா, மகனைக் காட்டி. யாரும் கேட்காமலேயே.

முதலில் கிஷோர்தான் சிரித்தார். அவர் அப்பாவும் என் அப்பாவும் சேர்ந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "என்னா ஆளுங்களோ, ஏதோ, ஒண்ணும் கேக்காம ஒக்காந்துட்டோம்," என்று என் காதருகே சொன்னாள். அவர்களுக்கும் அது கேட்டிருக்கும். பட்டுச் சேலை அம்மாவின் முகமும் மாறியது. அவரும் அதையே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கிஷோர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "சாரிங்க," என்றார். இரண்டு முறை சொன்னார். நான் ஒரு முறை சொன்னேன்.

பாறையைச் சுற்றிக்கொண்டு இறங்கும்போது, புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள். பச்சைச் சேலை, தலை நிறையப் பூ. பின்னால் ஒரு பெரியவர், "உஷா, மெதுவா," என்றார். என்னால் அவளைக் கடந்து போய்விட முடியவில்லை.

"அவரு கிட்ட என்ன வேணும்னாலும் கேளுங்க," என்றேன். "பதில் சொல்வாரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு? அவங்களுக்கு சொந்தமா?"

"இல்ல."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

மாமா கூப்பிட்டார். போய்விட்டேன்.

ரகுராமுக்கு மீசை இருந்தது. நீலச் சட்டையும் இருந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் காய்ந்தும் கோபப்படவில்லை. சூப்பர்வைசர் என்பதும் உண்மைதான். மாமா ஒரு முறையாவது உண்மை சொல்லியிருந்தார். எங்களை நடக்க அனுப்பியதும் சுட்ட சோளம் வாங்கி, மிளகாய்ப் பொடி காரமாக இருக்குமா என்று கேட்டு, தட்டிவிட்டுக் கொடுத்தார். அவரைப் பற்றிக் குறையாக எழுத என்னிடம் எதுவுமில்லை.

நான் கேட்டேன். ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்ததால் வாய் பழகியிருந்தது.

"கிளாசா? அதெல்லாம் பாத்துக்கலாங்க," என்றார் ரகுராம்.

"ஏப்ரல்ல பரீட்ச."

"பாத்துக்கலாம். மொதல்ல இது நல்லபடியா முடியட்டும். அம்மா கிட்ட நீங்களே பேசிக்குங்க. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எட்டரை ஆயிடும், வுடறதுக்கு."

"சோளம் ஆறுது, சாப்பிடுங்க."

அன்று காலை முதலில் இவரையே சந்தித்திருந்தால், இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். வகுப்பை விட்டுப் போன ஐந்து பேரும் இந்தச் சொல்லைத்தான் சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். சோளத்தை முழுதும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

டபுள் ரோடு பஸ் ஸ்டாப்பில் மாமா உற்சாகமாக இருந்தார். "அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லணும். என்னாம்மா, சொல்லிடட்டா?"

எப்போதும் நான் "ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பேன். அப்பாவைப் பார்த்து, "வேணாம்ப்பா," என்றேன்.

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. "ஏன், என்னா கொறை?"

"கிளாசுக்கு விடுவீங்களான்னு கேட்டேன். பதில் சொல்லல."

"பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பாரே? அப்ப சரின்னுதானே?"

"சரின்னா சரின்னு சொல்லியிருப்பாரு, மாமா."

"அந்த டிவி ரிப்பேர்க்காரன் மண்டைக்குள்ள பூந்துட்டான்," என்றாள் அம்மா. "பத்து நிமிஷத்துல. யாரு எவருன்னே தெரியாது. வெக்கமில்ல?"

அதில் உண்மை இல்லையென்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்நேரம் பாறைக்கு அந்தப் பக்கத்தில் கிஷோர் உஷாவோடு ஏரியைப் பார்த்துக்கொண்டு நடந்திருப்பார். அவள் கேட்டிருப்பாள், அவர் பஸ்ஸைப் பற்றி யோசித்திருப்பார். அது எனக்குச் சற்று வலித்தது. ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னது அவருக்காக இல்லை. அதையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

பஸ் வந்தது. மாமா நடுவிலேயே இறங்கிக்கொண்டார். "போன் நான் பண்ண மாட்டேன். ஒங்க பொண்ணு, நீங்களே பேசிக்குங்க, மாமா," என்று அப்பாவிடம் சொல்லி, நம்பர் எழுதிய துண்டுக் காகிதத்தை அவர் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனார்.

மாலை ஐந்து மணிக்கு அப்பா சட்டை மாட்டிக்கொண்டு, "வா," என்றார். சந்து முனையில் இருந்த டெலிபோன் பூத்துக்குள் அவர் போனார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் எதைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. மில் மூடியபோதுகூட அவர் கூட்டத்தின் பின்வரிசையில்தான் நின்றார் என்று அம்மா சொல்வாள்.

கதவு சரியாக மூடாததால் குரல் கேட்டது.

"நீலசந்திராவுலேருந்து கோவிந்தப்பா பேசறேன்... வந்து சேந்துட்டோங்க... அதில்லீங்க, ஒங்க பையன் தங்கமான பையன்... பொண்ணு படிக்குதுங்க. ஏப்ரல் வரைக்கும்."

அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொண்டுவிடுவார்.

"இல்லீங்க," என்றார் அப்பா. "பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க. முடிச்சுட்டுத்தான். அதுக்கு மின்ன நாங்க எதுவும் பேசறதா இல்ல. ஒங்களுக்கு அவசரம்னா வேற எடம் பாருங்க, நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"வேற எடம் பாத்துக்கறாங்களாம்," என்றார்.

"சரிப்பா."

"ஒங்கம்மா கிட்ட நீ சொல்லாத. நானே சொல்றேன்," என்று எனக்கு முன்னால் நடந்தார்.