வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு

அக்காவின் விசாப் படிவத்தில் முதல் மாற்றத்தை நான் பார்த்தது செவ்வாய்க்கிழமை. தாம்பரத்தில் கணக்குப் பதிவியல் வகுப்பு ஏழரைக்கு முடிந்து, பெருங்களத்தூர் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்திருந்தேன். அங்க அடையாளம் கேட்கும் கட்டத்தில், அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்து, இடது முழங்கையில் மச்சம் என்று நான் போட்டிருந்தேன். இப்போது அங்கே வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று இருந்தது.

அஞ்சலி அக்காவுக்கு அப்படி ஒரு தழும்பு கிடையாது. எனக்குத் தெரிந்தவரை கிடையாது.

அவள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். அதனால் பிறந்த வீட்டுக்கு வருவதற்கே அவளுக்கு விசா வேண்டும். அக்கா, ஹேமநாத் மாமா, அவர்களுடைய ஏழு வயது மகள் சத்யா மூன்று பேரும் டிசம்பர் ஐந்தாம் தேதி சென்னையில் இறங்கிப் பத்து நாள் தங்குவதாகத் திட்டம். படிவங்களை என்னை நிரப்பச் சொன்னவர் மாமாதான். நான் நிதானமாகச் செய்வேனாம். படிவத்தைப் பாதியில் சேமித்தால் ஒரு தற்காலிக எண் வரும். பணம் கட்டும்வரை அது கையில் இருப்பவர் யாரும் படிவத்தைத் திறந்து திருத்தலாம். மூன்று எண்களையும் அக்காவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, சரிபார்க்கச் சொல்லியிருந்தேன்.

அம்மாவிடம் தழும்பைப் பற்றிக் கேட்டேன். எங்கேயாவது விழுந்திருப்பாள், அவள் சின்ன வயதிலிருந்தே பராக்குப் பார்த்துக்கொண்டு நடப்பவள் என்றாள். சரியாகத்தான் பட்டது.

புதன்கிழமை இரண்டாவது மாற்றம். சிங்கப்பூரில் அக்காவைத் தெரிந்த ஒருவரின் விவரம் கேட்கும் இடத்தில் மாமாவின் பெயர் போய், தபீதாள் என்று ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் வந்திருந்தன. வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு. வரும் தேதி நவம்பர் பத்தொன்பது. இறங்கும் விமான நிலையம் திருச்சி. சத்யாவின் படிவத்திலும் இதே தேதி, இதே திருச்சி. மாமாவின் படிவம் மட்டும் நான் நிரப்பியபடியே இருந்தது.

நோட்டில் கோடு போட்டு, பழையதை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் எழுதிப் பார்த்தேன். அவளும் குழந்தையும் மட்டும், முன்னதாகவே, வேறு ஊர் வழியாக வருகிறார்கள். படித்தால் அப்படித்தான் அர்த்தம் வருகிறது. ஆனால் என் அர்த்தங்களை நம்ப எனக்கே தயக்கம். போன மாதம்தான் கேஸ் கசிகிறது என்று சொல்லி எங்கள் மாடியையே காலி செய்ய வைத்தேன். பக்கத்து வீட்டில் பலாப்பழம் அறுத்திருந்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அக்காவின் எண்ணிலிருந்து வந்த புகைப்படம் நாலு வருடம் பழையது. புதிதாக ஒன்று வேண்டும் என்று இரண்டு முறை கேட்டதற்கு, “அதுவே போதும்” என்று பதில் வந்தது. அக்கா எனக்கு எழுதினால் கடைசியில் ஒரு ‘டா’ இருக்கும். அதில் இல்லை. அவசரத்தில் எழுதியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன்.

திருத்தம் எதுவானாலும், போட்டவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே ஏற்க வேண்டும் என்பது வகுப்பில் எங்களுக்குப் பழக்கப்படுத்திய முறை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மாற்றங்கள் நான்கையும் வரிசையாகத் தட்டச்சு செய்து, ‘இதெல்லாம் நீ மாற்றியதுதானே? சொன்னால் பணம் கட்டிவிடுகிறேன்’ என்று அக்காவின் எண்ணுக்கு அனுப்பினேன். உடனே இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

நாற்பது நிமிடம் கழித்து அந்த எண்ணிலிருந்து அழைப்பு. மாமா பேசினார்.

“மச்சான், உன்ன மாதிரி ஒருத்தன் வீட்டுல இருக்கணும். ஒண்ணு விடாம செக் பண்ணிடற.”

அக்காவிடம் கொடுங்கள் என்றேன்.

“தூங்கறா.”

அங்கே அப்போது மதியம் ஒன்று பத்து. சத்யாவைக் கேட்டேன். அவளும் தூங்குகிறாள் என்றார். குரலில் கோபமே இல்லை. படிவத்தை நான் இனிமேல் தொட வேண்டாம், அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்வார், அம்மாவுக்குத் தைலம் ஏதாவது வாங்கிவர வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்தார். சமையலறையிலிருந்து அம்மா, மாப்பிள்ளையா, கோடாலித் தைலம் சொன்னியா என்றாள்.

நோட்டில் இருந்த தபீதாளின் எண்ணை அழைத்தேன். நான் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் பேசினாள்.

“பரணியா? அஞ்சலி சொல்லிருக்கா. நான் எதிர் வீடு. பணம் கட்டிட்டியா தம்பி?”

இல்லை என்றேன். அனுப்பிய பட்டியலைப் பற்றிச் சொன்னேன்.

“அவ போன் அவர்கிட்டதான் இருக்கும், உனக்குத் தெரியாதா? நீ அனுப்பின ஃபார்ம் நம்பரைக் கையில எழுதிட்டு வந்து எங்க வீட்டு கம்ப்யூட்டர்லதான் மாத்துனா. தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லேன்னு நான்தான் சொன்னேன். வேணாங்கா, சொன்னா அவன் போய் அவர்கிட்டயே கேப்பான், மாத்தி வச்சா அப்படியே கட்டிடுவான்னா.”

சற்று முன் மாமா அழைத்ததையும், இருவரும் தூங்குகிறார்கள் என்றதையும் சொன்னேன்.

“பாஸ்போர்ட் ரெண்டும் என்கிட்ட இருக்கு. நீ இப்பவே கட்டு. நான் போய் பெல் அடிக்கறேன். வச்சிடாத.”

போனைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்காவின் படிவத்தைத் திறந்தேன். நவம்பர் பத்தொன்பது, திருச்சி, எல்லாம் இன்னும் அப்படியே இருந்தன. மாமா இன்னும் உட்காரவில்லை. அவர் கைக்கு வேறென்ன வேலை இருக்கும் என்று யோசனை வந்தது. யோசிக்காமல் கட்டினேன். அடுத்து சத்யாவுடையது. ஒரு வரியைக்கூட மறுபடி படிக்கவில்லை. இனி எந்த விவரத்தையும் மாற்ற முடியாது என்று திரையில் வந்தது.

கட்டிவிட்டேன் என்று போனில் சொன்னேன். பதிலுக்கு அழைப்பு மணியின் சத்தம் மட்டும் கேட்டது. சிறிது நேரம் விட்டு இன்னொரு முறை. பிறகு கதவை உள்ளங்கையால் தட்டும் சத்தம், அக்காவின் பெயர், சத்யாவின் பெயர்.

“உள்ள டிவி ஓடுது தம்பி,” என்றாள் தபீதாள். “செருப்பு மூணு ஜோடியும் வாசல்லதான் கெடக்கு. யாரும் தெறக்கல. நீ வை, நான் போலீசைக் கூப்பிடணும்.”