தொடைநடுங்கி உத்தியோகம்

அவருக்குத் தொடைநடுங்கி என்று பெயர் வைத்தவர் மாமனார்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் மாடிப்படி விளக்கு அணைந்துபோக, மாப்பிள்ளை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டி யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வேறு யாராவது என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். தொடைநடுங்கியோ மாமனாருக்கு வாய்க்கு வாய் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ‘எளிதில் அஞ்சுவோர் தேவை’ என்ற விளம்பரத்தைக் கண்டுபிடித்து, கையோடு அழைத்துப்போய், “இவரைவிட ஒருத்தர் உங்களுக்குக் கிடைக்க மாட்டாரு” என்று சிபாரிசு செய்தவரும் அதே மாமனார்தான்.

இப்போது யாராவது வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையைக் கேட்டால், “பயப்படப் போயிருக்காரு, சாயங்காலம் வந்துடுவாரு” என்பார் நிதானமாக.

கம்பெனி பேய் காட்டும் கம்பெனி. கண்ணையும் காதையும் மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் பேய் வீட்டுக்குள்ளேயே போய் நிற்கலாம். நெஞ்சிலும் மணிக்கட்டிலும் தொடையிலும் கட்டிய பட்டைகள் உடம்பை ஒட்டுக்கேட்டு, எதற்கு வியர்த்தது, எதற்கு நெஞ்சு அடித்துக்கொண்டது என்று இயந்திரத்திடம் கோள் சொல்லும். இயந்திரம் அதையே இன்னும் கொஞ்சம் தூக்கலாகத் தரும். பல்லிக்குப் பயந்தால் பல்லி. கிணற்றுக்குப் பயந்தால் கிணறு.

முதலாளி இதை ‘நரம்புகளோடு ஓர் உரையாடல்’ என்பார். இதற்கு முன்பு தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தவர். அப்போது அது ‘தாகத்தோடு ஓர் உரையாடல்’. தொடைநடுங்கிக்கும் ‘முதன்மை அச்ச ஆய்வாளர்’ என்று பதவி கொடுத்துக் கதவில் பலகை மாட்டியிருந்தார். கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. கத்துவது வெளியே கேட்காமலிருக்கச் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை.

கொஞ்ச நாளாக ஒரு சங்கடம். பேய் பழகிவிட்டது. கட்டிலுக்கடியிலிருந்து அது கையை நீட்டினால் குலுக்கத் தோன்றியது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தால், பாவம், சீப்பு எடுத்துக் கொடுக்கலாமா என்றிருந்தது. இதை மனைவியிடம் மட்டும் சொன்னார்.

“ஏங்க, கொஞ்சமாவது பயப்படக் கூடாதா? ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

“நானும் பாக்கத்தான் செய்றேன். வர மாட்டேங்குது.”

“நடிங்களேன்.”

“நான் நடிப்பேன். தொடை நடிக்காதும்மா.”

இந்த நேரம் பார்த்து, கம்பெனியில் பணம் போடலாமா என்று பார்க்க ஓர் அம்மாள் வருவதாக ஏற்பாடாயிற்று. முதலாளி தொடைநடுங்கியை அழைத்தார். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வது அவர் வழக்கம், செருமினார்.

“நாளைக்கு அந்தம்மா முன்னாடி நீங்கதான் உக்காரப் போறீங்க. நடுங்கினீங்கன்னா நல்லது. இல்லைன்னா நான் வேற ஆளப் பாக்க வேண்டியதுதான். மனசுல வச்சுக்காதீங்க. நாம எல்லாரும் ஒரே குடும்பம்.”

மறுநாள் அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய கணக்காளர். எதிரே பெரிய திரை. தொடைநடுங்கி பார்ப்பதெல்லாம் அதில் தெரியும். ஓரத்தில் அவருடைய நடுக்கம் ஒரு கோடாக ஓடும். இன்ஜினியர் பெண் பட்டைகளைக் கட்டி, ஹெட்செட்டையும் மாட்டிவிட்டு, “நல்லா பயப்படுங்கண்ணே” என்று காதோரம் வாழ்த்தினாள். முதலாளி மனித குலத்துக்கும் அச்சத்துக்கும் ஆதியிலிருந்து உள்ள உறவை எடுத்துச் சொல்லி, ‘நாம எல்லாரும் ஒரே குடும்பம்’ என்று முடித்தபோது கணக்காளர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தார்.

பேய் வந்தது. கோடு படுத்துக் கிடந்தது. பேய் கூரையிலிருந்து தொங்கியது. கோடு புரண்டுகூடப் படுக்கவில்லை. கிணறு, பல்லி, கறுப்புப் பூனை எல்லாம் வரிசையில் வந்து ஆஜர் கொடுத்துவிட்டுப் போயின. தொடைநடுங்கி மனசுக்குள் தொடையைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. தொடைநடுங்கிக்கு எதிரே வந்து நின்று தொண்டையைச் செருமினார். “கொஞ்சம் மனசு வைங்க, ஆய்வாளரே.”

கோடு துள்ளி எழுந்தது.

ஹெட்செட்டின் முன்புறம் ஒரு கேமராவும் ஒரு மைக்கும் உண்டு. யார் முதலாளி, யார் பேய் என்ற மரியாதையை இயந்திரத்துக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தொடை எதற்கு ஆடியதோ அதைப் பிடித்துக்கொண்டது. இருண்ட தாழ்வாரத்தின் கோடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கோடு இன்னும் எகிறியது. விரிந்த தலைமுடி வழுக்கையாயிற்று. கோரைப்பல் மறைந்து மூக்குக்கண்ணாடி வந்தது. கடைசியில் சட்டைப்பையில் பேனாவோடு, தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்த பேய், குனிந்து, மிகவும் அன்பாகச் சொன்னது:

“நாம எல்லாரும் ஒரே குடும்பம்.”

தொடைநடுங்கி கத்திக்கொண்டே நாற்காலியோடு சாய்ந்தார். கணக்காளர் தன்னையறியாமல் எழுந்து நின்று, “சொல்லுங்க சார்” என்றார். இன்ஜினியர் பெண் பதறி இயந்திரத்தை அணைக்கப் போனாள். “இருக்கட்டும்மா,” என்றார் அந்த அம்மாள். கைப்பை அவர் மடியிலிருந்து நழுவிக் கிடந்தது. அவரும் ஒரு காலத்தில் எங்கோ சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தானே.

ஹெட்செட்டைக் கழற்றியதும் எதிரே நிஜமான முதலாளி. தொடைநடுங்கி இரண்டாம் முறையாகக் கத்தினார்.

“சார், நான் ஒண்ணும் பண்ணல சார். இந்தத் தொடைதான்...”

முதலாளியின் முகம் எந்த நிறத்தில் நிற்பது என்று முடிவெடுக்கும் முன் அந்த அம்மாள் பேசினார். “எத்தனையோ பேய் பாத்துட்டேன். இது ஒண்ணுதான் வயித்தப் புரட்டுது. எங்க புடிச்சீங்க இந்த மூஞ்சிய?”

முதலாளி சுதாரித்துக்கொண்டார். “நம்ம சொந்தத் தயாரிப்புதாங்க.”

அந்த அம்மாள் பணம் போடச் சம்மதித்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் அது முதலாளி முன்கூட்டியே போட்டு வைத்த திட்டமாகிவிட்டது. போஸ்டருக்குத் தன் இடது பக்கம் எடுப்பா, வலது பக்கமா என்று இன்ஜினியர் பெண்ணிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தொடைநடுங்கி அறைக்குள் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“உங்களாலதான் சார் எனக்குத் திரும்பவும் பயம் வந்துச்சு. நேத்து ராத்திரி பூரா பிள்ளைங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே கிடந்தேன். நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்னே தெரியல.”

முதலாளி புகழ்ச்சியை மூட்டை மூட்டையாகக் கேட்டவர். இப்படி ஒரு நன்றியைக் கேட்டதில்லை. இன்ஜினியர் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, பேனாவை மூடித் திறந்தார்.

“நாளையிலேருந்து உங்க வேலை நிரந்தரம்யா. நானே நெனச்சாலும் உங்கள எடுக்க முடியாது.”

தொடைநடுங்கியின் நெஞ்சு குளிர்ந்தது. தொடையும் குளிர்ந்தது; குளிர்ந்து, தூண் மாதிரி நின்றது. அவர் முதலாளியைப் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம், விரலில் மை ஒட்டிய, சாப்பிட நேரமில்லாமல் போன ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது.

“வேண்டாம் சார்.”

“ஏன்யா?”

“நிரந்தரமாக்கிட்டீங்கன்னா வேலை போயிடும்.”

முதலாளி பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு தலையை ஆட்டினார். “சரி. அப்ப தினமும் காலைல வந்ததும் என்னைப் பாத்துட்டுப் போங்க. வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னு சொல்லி அனுப்புறேன்.”

“ரொம்ப நன்றி சார். உங்களுக்குத்தான் சிரமம்.”

“இதுல என்ன சிரமம்.”

கதவுவரை போனவரை முதலாளி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. “நான் நிஜமாவே அவ்வளவு பயமாவா இருக்கேன்?”

தொடைநடுங்கி நின்று, அவசரப்படாமல், தொடையோடு கலந்தாலோசித்துப் பதில் சொன்னார்.

“உங்க புண்ணியத்துல, இன்னிக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்ல சார்.”